உதவின்னு ஒரு பட்டன்

அட, அதுல போய்த் தேடாதீக சார்! கெடைக்காது. நான் சொல்லுறேன்ல, கெடைக்காது. போனை உள்ள வைங்க மொதல்ல. கவர்மென்ட் சைட்டுதான பாக்குறீக? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நெத்தியச் சுருக்கிக்கிட்டு, வெரலால மேல தள்ளி, கீழ தள்ளி… கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுறவன்கூட அம்புட்டு நேரம் தள்ள மாட்டான்.

கீழ போடியில இருந்தா வாறீக? ஹெல்மெட்டு, தோள்ல பையி… டூருதான? டூரு வந்த எடத்துல போனை எதுக்கு நோண்டுறீக? மலையப் பாருங்க. பனியப் பாருங்க. ஜோஜோ சேட்டா கடை சாயாவக் குடிங்க, சூடாவாச்சும் இருக்கும். என்ன சேட்டா மொறைக்கிறீக? சூடுன்னுதான சொன்னேன், நல்லாருக்குன்னா சொன்னேன்?

என்னமோ கேக்க வாறீக… இருங்க சார், நான் முடிச்சுக்கிருதேன். வயித்தெரிச்சல். சொன்னாத்தான் ஆறும்.

எங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, சின்னத்தாயி அக்கான்னு ஒருத்தவக. எங்க வீட்டுக்கு அடுத்த கதவு. ஏலத்தோட்டத்துல வேலை. புருசன் இல்ல, ஒத்த மக. அந்தப் புள்ளைக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு கெடைச்சிருச்சு! லயமே கூடி நின்னு லட்டு தின்னோம். நாளைக்குள்ள வருமான சர்டிபிக்கேட்டு மட்டும் குடுத்தாகணும். குடுக்கலையா, சீட்டு அடுத்தவளுக்கு. அம்புட்டுதான். அக்கா பாட்டுக்குச் சொல்லுச்சு, "அர நாள் லீவு போட்டு பூப்பாறை கம்ப்யூட்டர் சென்டர்ல எழுதிக் குடுத்துட்டு வந்திருதேன்டீ"ன்னு. நான் சும்மா இருந்தேனா? "எதுக்குக்கா லீவு? பி.ஏ. படிக்கிறவ பக்கத்துல இருக்கேன், கையில போனு இருக்கு, ஒக்காந்த எடத்துல முடிச்சுத் தாரேன்"னேன். வாயி சார், வாயி!

சரின்னு தமிழ்லயே தேடுனேன். மொதல்ல வந்த சைட்டு, அப்படியே தமிழ்ல நிக்குது! ஆகா, நம்ம கவர்மென்டும் ஒரு வழியாத் திருந்திருச்சுடான்னு கண்ணுல தண்ணி வராத கொறை. இல்லாட்டி எல்லாம் மலையாளத்துலதான இருக்கும்? மலையாளம் பேசுவேன் சார், சண்டையே போடுவேன். வாசிக்கச் சொன்னாத்தான், எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவளுக்கு வேற எப்படி இருக்கும்?

எந்த ஊருன்னு கேட்டுச்சு. போடிமெட்டுன்னு பேரு இருந்துச்சு, அமுக்குனேன். ரேஷன் கார்டு நம்பர் கேட்டுச்சு, கார்டப் பாத்து அடிச்சேன். செவப்பா ஒரு வரி வருது: "எண் தவறு." ஏன்டா தவறுன்னா, இன்னும் ரெண்டு நம்பரு வேணுமாம்! கவர்மென்ட் குடுத்த கார்டுல இல்லாத நம்பருக்கு நான் எங்க போவேன்? ஏலத்தோட்டத்துல பொறுக்கிட்டு வரவா?

அங்கதான் பாத்தேன். மூலையில, "உதவி"ன்னு ஒரு பட்டன்.

நம்பி அமுக்குனேன் சார். "இத்தளத்தில் தகவல்களை எளிதில் கண்டறிய இப்பகுதி தங்களுக்கு உதவும்." சந்தோசம். எப்படி உதவுவ? எழுத்தப் பெருசாக்க இத அமுக்கு, சின்னதாக்க அத அமுக்கு. கண்ணு கூசுனா கருப்புல மஞ்சளா மாத்திக்க. மாத்துனேன்! அதே செவப்பு வரி இப்ப மஞ்சளா, இம்மாம் பெருசா, லாரிக்குப் பின்னாடி எழுதுன மாதிரி "எண் தவறு"ங்குது. நான் என்ன கண்ணு தெரியலன்னா கேட்டேன்?

அதுக்கும் கீழ, பி.டி.எஃப். தெறக்கத் தெரியாதவங்களுக்கு வழிமொறையாம். அமுக்குனா… ஒரு பி.டி.எஃப். வருது! சிரிக்காதீக சார். இல்ல, நல்லாச் சிரிங்க. தேடுற பொட்டியில "வருமானம்"னு அடிச்சேன், எந்தக் காலத்துலயோ புளியமரம் ஏலம் விட்ட நோட்டீசக் காட்டுது. அடியில "பார்வையாளர் எண்ணிக்கை"ன்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. ஊரே வந்து பயன்படுத்துதுன்னு நெனச்சுக்கிருவாக. அம்புட்டும் நான் ஒருத்தி சார்! கடைசியா, "இப்பக்கம் பயனுள்ளதாக இருந்ததா?"ன்னு சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு, அழுகுற மூஞ்சி ஒண்ணு. அழுகுறத அமுக்குனேன். "மிக்க நன்றி"ங்குறான்! அழுதா நன்றி சொல்ற கவர்மென்ட்ட எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?

நான் விடுவேனா? நம்பருக்கு முன்னாடி ரெண்டு முட்டையப் போட்டேன். கம்முனு வாங்கிக்கிருச்சு! அங்க தொடங்குனது "பரிசீலனையில்". ஆபீசரு வந்து வீட்டப் பாக்கணுமாம், ஒரு வாரமாப் பரிசீலனையில், இன்னைக்கும் பரிசீலனையில். பொறுக்க முடியாம முந்தாநாளு புகார்ப் பொட்டியத் தெறந்தேன். என்ன எழுதுனேன்னு வாசிக்கவா? எனக்குப் பாடமே ஆயிருச்சு. "ஐயா, தங்கள் அலுவலர் நாற்காலியில் பசை தடவி அமர்ந்துள்ளாரா? எழுந்து வந்து எங்கள் வீட்டைப் பார்க்க அவருக்குக் கால் உண்டா, இல்லை அதுவும் பரிசீலனையில் உள்ளதா?" எப்புடி? எங்க காலேஜுல கூட்டம்னா பேச்சுக்கு என்னையத்தான் ஏத்துவாக.

என்ன சார், பையத் தெறக்குறீக… இது என்ன பேப்பரு? "சின்னத்தாயி, போடிமெட்டு"… சார்! இது என் புகாராச்சே! அப்ப நீங்க… அந்த… பசை…

அய்யய்யோ. உக்காருங்க சார், உக்காருங்க! ஜோஜோ சேட்டா, சாருக்கு இன்னொரு சாயா, ஏலக்கா தட்டிப் போட்டு, நல்லா! நான் பொதுவாச் சொன்னேன் சார், உங்களயில்ல. நல்லா நடக்குறீகளே! கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு! பாத்தீகளா சேட்டா? "உனக்கெல்லாம் எவன்டீ வருவான்"னு சிரிச்சீக? வந்துட்டாருல்ல! வீட்டத்தான பாக்கணும்? வாங்க சார், அந்தா, செக்போஸ்ட்டத் தாண்டி தகரக் கூரை வரிசையாத் தெரியுதுல்ல, அதுல மூணாவது கதவு. நடந்தே போயிரலாம்.

ஏன் சார் நிக்கிறீக? வர முடியாதா? ஏன், செக்போஸ்ட்டு என்ன கடலா? ஒரு கோட்டத் தாண்ட இம்புட்டு யோசனையா? இதுக்குத்தான் எழுதுனேன், பசைன்னு… சரி சரி, கோவப்படல. போனையா? இந்தாங்க. மேல எதுக்கு வெரல நீட்டுறீக? என்ன இருக்கு மேல? கோபுரம். கோபுரம் இருந்தா என்ன? கவர்மென்ட்டுன்னா சைட்டுல கோபுரம் இருக்கத்தான செய்யும்…

கோபுரம்.

நம்ம கவர்மென்ட் முத்திரையில யானைல்ல. ரெண்டு யானை. ரேஷன் கார்டுல…

இருங்க. இருங்க சார், ஒண்ணும் சொல்லாதீக. அப்ப அந்தப் போடிமெட்டு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கத்து போடிமெட்டு. தமிழ்நாட்டு போடிமெட்டு. நீங்க தமிழ்நாட்டு ஆபீசரு. இந்த சாயாக்கடை வரைக்குந்தான் உங்க ஊரு. அக்கா வீடு அந்தப் பக்கம், கேரளா… கார்டு நம்பர் சரியாத்தான் இருந்திருக்கு. நாந்தான் முட்டை போட்டு… தமிழ்ல இருக்குன்னவொடனே நம்ம வீடுன்னு நெனச்சு நொழைஞ்சுட்டேன் சார். அது அடுத்த வீடு.

நீங்க சிரிக்கலாம். என்ன, சிரிக்கலையா? அதுக்குச் சிரிச்சாக்கூடப் பரவாயில்ல சார்.

எந்திரிக்காதீக, எந்திரிக்காதீக. அந்தா, வேலை முடிஞ்சு அக்காவே வருது. கடையில நின்னவன் எவனோ ஓடிப்போய்ச் சொல்லிருக்கான், ஆபீசரு வந்திருக்காருன்னு. மொகத்தக் கழுவி, வேற சேலை கட்டி… சர்டிபிக்கேட்ட கையில வாங்கப் போறோம்னு வருது சார். நீங்க சொல்லாதீக. உங்க வாயால வேணாம். என் வாயால வந்த வினை, என் வாயாலயே சொல்லிக்கிருதேன்.

கருத்தப்பாண்டி மாமா! ஜீப்ப எடுங்க! ஆளு சேரட்டும்ங்காதீக, இப்பவே, பூப்பாறைக்கு! வில்லேஜ் ஆபீசு மூடுறதுக்குள்ள. ஆமா, தனி வாடகைதான், எடுங்க மாமா!

அக்கா, வாங்க. ஏறுங்க. இல்லக்கா, சாரு சர்டிபிக்கேட்டுக் கொண்டாரல. அவருகிட்ட இல்ல. அவரு மேல தப்பில்ல. சைட்டு மேலயும்… அது கெடக்கு விடுங்க, அது பாட்டுக்கு எழுத்தப் பெருசாக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாந்தான்க்கா. அடுத்த மாநிலத்துல எழுதிப் போட்டுட்டேன். ரேஷன் கார்டு இருக்கா? ஆதாரு? கையோட கொண்டாந்திருக்கீகளா, நல்லதாப் போச்சு. பூப்பாறையில போய் மொதல்ல இருந்து எழுதுவோம். மலையாளத்துல இருந்தாலும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், முடியலன்னா பக்கத்துல நிக்கிறவன் காலப் புடிச்சு வாசிக்க வைப்பேன். இன்னைக்கே கையெழுத்து வாங்காம அந்த ஆபீசு வாசல விட்டு எந்திரிக்க மாட்டேன்.

என்னக்கா, அப்படியே நிக்கிறீக? ஏறுங்க. ஏறிட்டீகளா… போகலாம் மாமா.

அக்கா.

அக்கா, ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுங்கக்கா. செக்போஸ்ட்டு தாண்டியாச்சு, பூப்பாறை வரைக்கும் நான் ஒருத்தியே பேசிக்கிட்டு வந்தா எப்படி?