பூட்டின கதவு

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. கண்மாய் உடைந்து சில ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போன பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"வீட்டைப் பூட்டிட்டுத்தான் மதினி ஓடுனோம். திரும்பி வந்தா கதவு பூட்டுனபடியே நிக்குது. சுவரைத்தான் காணோம்."

"நல்ல பூட்டாத்தான் வாங்கியிருக்க, பேச்சி."

பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சட்டிபானை, விதைக்கம்பு எல்லாம் போச்சு. பள்ளிக்கூடத்துல எத்தன நாளைக்குத்தான் படுத்துக் கெடக்க?"

"நம்ம வீட்டுக்கு வந்துரு."

"அண்ணன் என்ன சொல்வாகளோ."

"என்ன சொல்வாக? எங் கொழம்பு வாயில வைக்க வெளங்கலயாம். தங்கச்சி எப்ப வருவான்னு காத்துக்கெடக்காக."



"வாரேன். ஆனா உப்பை நாந்தான் போடுவேன். நீங்க அடுப்புப் பக்கமே வரக்கூடாது, மதினி."