பதினாறு புள்ளி நாலு

…அங்க எறக்காதீங்க தம்பி! அங்க தண்ணி நிக்கும். டிரைவர்கிட்ட சொல்லுங்க, இந்தாண்ட வந்து என் நெல்லு அம்பாரத்துக்குப் பக்கத்துல கொட்டட்டும். ஆங்… அப்படித்தான். நேத்து ஒருத்தரு அங்கதான் கொட்டிட்டுப் போனாரு. காலையில வந்து பாத்தா நெல்லுக்கு நடுவுல நாலு வாத்து நீந்துது.

ஒக்காருங்க, ஒக்காருங்க. அவசரப்பட்டு என்னா ஆவப்போவுது? இன்னிக்கு வாங்கமாட்டாங்க. நாளைக்கும் வாங்கமாட்டாங்க. நான் பதினோரு நாளா இங்கதான் ஒக்காந்திருக்கேன். உங்க ஊரு டி.பி.சி.ய, அதான் நெல்லு கொள்முதல் நெலையத்த, மூடிட்டு இங்க வரச் சொன்னாங்களா? நல்லா சொன்னாங்க போங்க.

இந்தக் களத்தப் பாத்தீங்களா? நெல்லு காயப்போடக் கட்டுனது. அந்த மூலையில ஒரு போர்டு இருக்கு பாருங்க, அது டெல்லி போட்டது, அவுங்க திட்டமாம். இந்த மூலையில மெட்ராஸ் போட்டது, அவுங்க நிதியாம். வாசல்ல ஊராட்சி போர்டு. எடம் நம்மளுதுல்ல? போர்டு வைக்க மூணு எடம் அளந்து பாத்தானுங்க தம்பி, தண்ணி ஓட ஒரு எடம் பாக்கல. சரி வடிகாலாவது வெட்டலாம்னு பாத்தா, அந்தாண்ட மதகுலேர்ந்து நீர்வளத்துறை, ரோட்டோரம் நெடுஞ்சாலைத்துறை, நடுவுல ஆறடி மட்டும் ஊராட்சி. நாங்க எங்க ஆறடிய வெட்டுனோம். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமா வெட்டுனோம். அடுத்த மழைக்கு அந்த ஆறடியிலயும் தண்ணி வந்து நின்னுச்சு.

'நாங்க'ன்னா… நான் மலர்க்கொடி, மூணாவது வார்டு மெம்பரு. மெம்பரா இருந்தேன். காலம் முடிஞ்சு போச்சு, அடுத்த எலக்‌ஷன் இன்னும் வைக்கல. இப்ப ஊருக்குத் தலைவரும் கெடையாது, மெம்பரும் கெடையாது. தனி அலுவலர்னு ஒருத்தரப் போட்டிருக்காங்க. அவருக்கு இதே மாதிரி முப்பது ஊரு. போன மாசம் வந்தாரு, ஜீப்பு கண்ணாடிய எறக்கி, "இது எந்த ஊரும்மா?"ன்னு என்னையே கேட்டாரு. சொன்னேன். "அப்ப நான் வரவேண்டியது அடுத்த ஊரு"ன்னு போயிட்டாரு. ஆனா பாருங்க, இன்னமும் தெருக்குழாய் ஒடஞ்சா என் வீட்டுக் கதவத்தான் தட்டுறாங்க. பதவி போனது கவர்மெண்ட்டுக்குத் தெரியுது, சனங்களுக்குத் தெரியமாட்டேங்குது.

என்னாது? உங்க நெல்லு எவ்வளவு ஈரம் காட்டுச்சு? இருபதா? எனக்கு இருபத்தொண்ணு. இங்க எல்லாருக்கும் அந்தக் கணக்குதான். குறுவை அறுக்குற நேரத்துல ஐப்பசி மழ புடிச்சுக்கிச்சுன்னா நெல்லு வேற எப்படி இருக்கும்? ஆனா சட்டம் பதினேழு. நூறு கிலோவுல பதினேழு கிலோவுக்கு மேல ஈரம் இருந்தா வாங்கக்கூடாது. அத முடிவு பண்றது டெல்லி. மூட்டை புடிச்சு வாங்குறது மெட்ராஸ். வாங்க எடம் குடுத்தது ஊராட்சி. மழ பேயுறது மட்டும் யாரு இலாகான்னு தெரியல.

முன்னெல்லாம் தாசில்தார் ஆபீசு வாசல்ல நாலு பொம்பளைங்க ஒக்காந்தா, அன்னிக்கு சாயந்தரமே எதாவது பதில் வந்துரும். திட்டாவது திட்டுவாரு. இப்ப தாசில்தார் கலெக்டருக்கு எழுதுறாரு, கலெக்டர் மெட்ராசுக்கு எழுதுறாரு, மெட்ராஸ் டெல்லிக்கு எழுதுது, ஈரத்தத் தளத்திக் குடுங்கன்னு. டெல்லி, "நாங்க வந்து பாக்காம குடுக்கமாட்டோம்"ங்குது. அவுங்க ஏரோப்ளேன் புடிச்சு, கார் புடிச்சு, இந்தச் சேத்துல எறங்கி வர்றதுக்குள்ள நெல்லு சும்மா இருக்குமா? அது பாட்டுக்கு முளைக்குது. அதுக்கு யாரு உத்தரவும் வேணாமே.

அப்படியும் வந்தாங்க தம்பி. போன வியாழக்கெழம. மூணு பேரு. வந்தாங்க, நெல்ல எடுத்தாங்க, பையில போட்டு சீல் வச்சாங்க, போனாங்க. முந்தாநாளு உத்தரவு வந்துச்சு. என் அக்கா மக இசைவாணிய பக்கத்து மாவட்டத்துக் குத்தாலத்துல கட்டிக் குடுத்திருக்கு, அங்க இருபத்திரண்டு வரைக்கும் வாங்கலாமாம். இங்க? இந்த டி.பி.சி.க்கு வர்ற ஏழு ஊருக்கும் தளர்வு தேவையில்லையாம். நெல்லு நல்லா காஞ்சிருக்காம்! காஞ்சிருக்கு, பாருங்க… கைய வுட்டுப் பாருங்க… சுடுதுல்ல? உள்ளுக்குள்ள வேவுது. வெள்ள வெள்ளையா இருக்கே, அது முளை.

நேத்து மறியல் பண்ணோம். ரெண்டு மணி நேரம் பஸ்ஸு போவல. நாந்தான் முன்னாடி நின்னேன். டெல்லிய வஞ்சேன், மெட்ராச வஞ்சேன், தொண்டை கட்டிப்போச்சு. இன்னிக்கு நாலு மணிக்கு எல்லாரும் தஞ்சாவூருக்குப் போறோம், கலெக்டரப் பாக்க. நாளைக்குள்ள அவரு எழுதி மறுபடி சோதனைக்கு நெல்லு எடுக்கச் சொன்னாதான் உண்டு. அதுக்கு மேல போனா இது நெல்லு இல்ல, நாத்து. அதோ எதுத்தாப்புல டீக்கடையில நீலச் சட்ட போட்டிருக்காரே, இளையபெருமாளு, அவரு சொல்லிட்டாரு: "கலெக்டர்கிட்ட மலர்க்கொடி அக்காதான் பேசணும், அவுங்கதான் வாய் கூசாம பேசுவாங்க"ன்னு.

இந்தத் தார்ப்பாய் அவருதுதான். என்னுது கிழிஞ்சிருச்சுன்னு அவரோடத அவுத்து எனக்குப் போட்டுவுட்டாரு. அவரு நெல்லு நனைஞ்சு போச்சு. ரெண்டு வெரக்கட முளைச்சிருக்கு. கேட்டா, "உங்களுக்கு யாருக்கா இருக்கா? ரெத்தினம் மாமா சிங்கப்பூர்ல கெடக்குறாரு"ங்குறாரு, எங்க வீட்டுக்காரர.

ம்… என்னா கேட்டீங்க? ஏன் காஞ்சிருக்குன்னு எழுதுனாங்கன்னா? அதான… அதத்தான் தம்பி எல்லாரும் கேக்குறாங்க.

உங்களுக்கு இந்த ஊருல சொந்தக்காரங்க யாரும் இல்லையே? இல்லல்ல? சரி.

புதன்கெழம காலையில இந்த டி.பி.சி. கிளார்க்கு நடராசன் என்னக் கூப்புட்டு, "அக்கா, நாளைக்கு டெல்லிக்காரங்க வர்றாங்க. யாரும் நெல்லக் காயவைக்க வேணாம், கூட்ட வேணாம், நனைஞ்சது நனைஞ்சபடி காட்டணும். அப்பதான் தளர்வு கெடைக்கும். நீங்க சொன்னா கேப்பாங்க"ன்னாரு. நானும் வூடு வூடாப் போய்ச் சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க. இளையபெருமாளு கிளறவே இல்ல, அப்படியே போட்டு வச்சிருந்தாரு.

வீட்டுக்கு வந்தேன். மனசு கேக்கல. எங்கப்பன் அடுத்தவன் களத்துல நெல்லு தூத்துன ஆளு தம்பி. நான் இப்ப ரெண்டு வேலி நெலத்தக் குத்தகைக்கு எடுத்துச் செய்றேன். டெல்லியிலேர்ந்து ஆளு வர்றான், என் நெல்லப் பாக்க. என் நெல்ல! அந்த முளைச்சதையும் சேத்தையுமா காட்டுறது? இவுங்களுக்கு வெள்ளாமை பண்ணத் தெரியலன்னு நெனச்சுட்டுப் போயிட்டா? பொண்ணு பாக்க வர்றாங்கன்னா, தலகூட வாராம கொண்டாந்து நிறுத்துவோமா?

நாலு மூட்டைதான். நாலே மூட்டை. மாடி ஹால்ல பரப்பி, ரெண்டு ஃபேனையும் போட்டுவுட்டு, மூணு தடவ கால வச்சுக் கிளறிவுட்டேன். கருக்கா, பதரெல்லாம் தூத்தி எடுத்தேன். விடிஞ்சதும் டாட்டா ஏஸுல போட்டுக் கொண்டாந்து, அம்பாரத்துக்கு மேல மேலாப்புல தூவிவுட்டேன். அம்புட்டுதான். பவுனு மாதிரி இருந்துச்சு.

சேர் போட்டு வச்சிருந்தேன், இளநி வெட்டி வச்சிருந்தேன். தப்பா? வூடு தேடி வந்தவங்க. அவுங்களுக்கு இருட்டுறதுக்குள்ள இன்னும் நாலு ஊரு பாக்கணுமாம். மத்த அம்பாரமெல்லாம் சேத்துக்கு அந்தாண்ட. ஷூ போட்டுக்கிட்டு எப்படிப் போவாங்க? நான்தான் கூப்புட்டேன். "வாங்க சார், இங்க எடுங்க சார்"னு. ஒருத்தரு கைய வுட்டு அள்ளி, மோந்து பாத்து, என்னமோ சொன்னாரு. "இவ்வளவு நல்ல நெல்லப் பாத்ததில்லங்குறாரும்மா"ன்னாரு கூட வந்தவரு. தம்பி, பொய் சொல்லல, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மூணு பையும் என் அம்பாரத்துலேர்ந்துதான் எடுத்தாங்க. மீட்டர்ல போட்டாங்க. பதினாறு புள்ளி நாலு.

நடராசன் மீட்டரப் பாத்தாரு. அப்புறம் என்னப் பாத்தாரு. அதையே சீட்டுல எழுதிக்கிட்டாரு. உள்ளதச் சொன்னா அவரு வேலையும் போவும்ல.

பேப்பர்ல போட்டோ வந்துச்சு, நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்லேர்ந்து போன்ல பாத்துட்டு, "ஜோரா இருக்கே"ன்னாரு.

ஏழு ஊரு தம்பி. என் நாலு மூட்டைக்கு ஏழு ஊரு. வெக்கமா இருக்கு. நான் கலெக்டர்கிட்ட, "காய வச்சதக் காட்டிப்புட்டேன் சார், மறுபடி எடுங்க"ன்னு சொன்னா எடுத்துதான் ஆவணும், அது எனக்குத் தெரியும். சொல்லாம, டெல்லி அநியாயம் பண்ணிருச்சுன்னு கத்துனேன்னா, அவரு அந்தச் சீட்டத் தூக்கிக் காட்டுவாரு, பதினாறு புள்ளி நாலுன்னு. அதுக்கப்புறம் என்னாத்தப் பேசுறது? ஆனா அவர்கிட்டச் சொல்றப்ப இளையபெருமாளும் பக்கத்துல நிப்பாரே…

ஏன் எந்திரிக்கிறீங்க? டீயா? இங்கயே கொண்டாரச் சொல்றேன், இருங்க. அந்தக் கடையில டீ நல்லாருக்காது தம்பி, வெறும் சக்கரத் தண்ணி… தம்பி, ஒரு நிமிஷம்… உங்க நெல்லயும் நான் பாத்துக்கிறேன், மூடிவுடுறேன்… தம்பி! ரோட்டப் பாத்துத் தாண்டுங்க, பஸ்ஸு வருது.

போயி இளையபெருமாளு பக்கத்துலயா ஒக்காரணும்? அவ்வளவு பெஞ்சு கெடக்கு.

…தம்பி அவர்கிட்ட என்னமோ பேசுறாரு.

சரி, சொல்லட்டும். மூணு நாளா அந்த மனுசனப் பாக்குறப்பெல்லாம் வாயத் தொறக்குறேன். டெல்லின்னு வருது, மெட்ராஸ்னு வருது, தனி அலுவலர்னு வருது. நாந்தான்னு வரமாட்டேங்குது. யாராவது சொல்லித் தொலையட்டும்.

…இளையபெருமாளு கிளாச வச்சுட்டாரு. எந்திரிச்சுட்டாரு. இந்தப் பக்கந்தான் வர்றாரு.

வரட்டும். மணி மூணுதான் ஆவுது, தஞ்சாவூருக்குக் கெளம்ப இன்னும் நேரமிருக்கு.