கோவிச்சுக்க ஆளில்லாத காதுகுத்து

கன்னையா: பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுங்க முழுக்க வெத்தலை வச்சுக் கூப்பிட்டாச்சு. மேளம் சொல்லியாச்சு. காது குத்த ஆசாரி நாளைக்கு விடிஞ்சதும் வந்துருவாரு. மாமன் மொறைக்குப் பிள்ளையை மடியில வச்சுக்க, ரயில் யார்டுல என்கூட வேலை செய்யற அய்யாவுகிட்டயும் பேசிட்டேன். இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?

வீரம்மா: யாருமே கோவிச்சுக்கலையே...

கன்னையா: என்னது?

வீரம்மா: எங்க ஊர்ல விசேஷம்னா ரெண்டு பேராச்சும் சாப்பிட மாட்டேன்னு கெணத்தடியில போய் உக்காந்துக்குவாங்க. பின்னாலயே நாலு பேர் கெஞ்சிக்கிட்டுப் போவாங்க. அதுதாங்க விசேஷம்.

கன்னையா: பக்கத்து வீட்டுச் சீனத்தம்மா, பிள்ளைக்கு மாசம் நிறைஞ்சதும் சிவப்பு முட்டை குடுத்துச்சு. சிரிச்சுது. முடிஞ்சுது. உனக்குச் சந்தோஷப்படக்கூட ஒருத்தன் உர்ருனு இருக்கணும்.

வீரம்மா: அதுக்கு முட்டை. நமக்கு மாமன்.

கன்னையா: அதான் அய்யாவு இருக்கானே...

வீரம்மா: அவரா? உக்காருன்னாலும் சரிண்ணே, எந்திரின்னாலும் சரிண்ணே. அது மாமனா, மணையா?

கன்னையா: அப்ப நானே கோவிச்சுக்கிட்டு ஸ்டேசன்ல போய் உக்காரட்டுமா? வந்து கெஞ்சு.

வீரம்மா: நீங்க சோத்து நேரத்துக்கு முன்னாடியே திரும்பிடுவீங்க. உங்களை நம்பி எப்படிக் கெஞ்சறது?

கன்னையா: சுத்தி வளைக்காதே. கிளாங்குல இருக்கற உங்கண்ணன் தம்புசாமியைத்தானே சொல்றே?

வீரம்மா: அந்தப் பேரை இந்த வீட்ல எடுக்கக் கூடாதுன்னது நீங்க.

கன்னையா: பின்னே? அவன்கிட்டச் சொல்லாம மாலை மாத்திக்கிட்டோம்னு, தங்கச்சியே இல்லைன்னு தலை முழுகினவன்...

வீரம்மா: நான் ஒண்ணும் சொல்லலையே.

கன்னையா: ...நேத்து யார்டுல வேலை ஜாஸ்தின்னு சொன்னேன்ல?

வீரம்மா: ஆமா.

கன்னையா: கிளாங்குக்குத்தான் ரயிலேறினேன். வரமாட்டேன்னுட்டான்.

வீரம்மா: அண்ணன்... உக்காரவாச்சும் சொல்லுச்சா?

கன்னையா: வாசல்லயே நிக்க வச்சான். பிள்ளை யார் மடியில உக்காருதுன்னு மட்டும் கேட்டான். அய்யாவு மடியிலன்னேன். கையில இருந்த செம்பைத் தூக்கி எறிஞ்சான். குனிஞ்சேன், தப்பிச்சேன். போதுமா? கோவம் வேணும்னியே.

வீரம்மா: செம்பை எறிஞ்சுச்சா?

கன்னையா: அதுக்கு ஏன் சிரிக்கறே... ஏய், அழுவறியா?

வீரம்மா: பிள்ளை பொறந்தப்பவே உங்களுக்குத் தெரியாம நான் ஆள் அனுப்பினேங்க. அப்ப ஒரு வார்த்தை பேசல. கோவிச்சுக்கக்கூட இல்ல. இப்பத்தான் எறிஞ்சிருக்கு... அய்யாவு அண்ணனை வேணாம்னு சொல்லிட்டு, சாயந்தர ரயிலுக்குக் கிளம்புங்க. இன்னும் ரெண்டு தடவை கெஞ்சினா வந்துரும்.