ரேடியோவில் வந்த நன்றி

எங்கள் எரிவாயு நிலையத்தில் எல்லோருக்கும் மாத்தே இலைத்தேநீர் ஊற்றிக் கொடுப்பவன் நான்தான். முதல் ஊற்று கசக்கும், அதை ஊற்றுகிறவனே குடித்துவிட வேண்டும். பிறகு அதே குடுக்கை, அதே உறிஞ்சுகுழல், ஆள் ஆளாகப் போய்த் திரும்பி என் கைக்கு வரும். குடித்துவிட்டுச் சும்மா நீட்டினால் அடுத்த சுற்றிலும் உண்டு. நன்றி என்று சொல்லி நீட்டினால், போதும், நான் கிளம்பிவிட்டேன் என்று பொருள். ஐயா, நீங்கள் இந்தப் படகோனியாவிலேயே பிறந்தவர், உங்களுக்குத் தெரியும். ரேட்டோவுக்குத் தெரியாது.

ரேட்டோ, எங்களுக்கு வந்த புது இயந்திரத்தைச் செய்த கம்பெனி சுவிட்சர்லாந்திலிருந்து அனுப்பிய இன்ஜினியர். முதல் நாளே ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "நன்றி, டான் அன்செல்மோ" என்றார் என்னிடம், மரியாதையாக. அதோடு குடுக்கை அவரைத் தாண்டிப் போக ஆரம்பித்தது.

"பாவம்யா, எலும்பைப் பாக்குற நாய் மாதிரி குடுக்கையையே பாக்குறான்" என்றான் வெல்டர் ஒஸ்வால்டோ. "சொல்லித் தொலையேன், கிழவா."

"நீயே சொல்லேன்."

"நான் சொல்லிட்டா அப்புறம் எதைப் பாத்துச் சிரிக்கிறது?"

நானும் சொல்லவில்லை. அது எனக்கு உதவும் என்று அப்போது நினைக்கவில்லை. பிறகுதான் நினைத்தேன்.

எரிவாயுவைக் குழாயில் தள்ளிவிடும் கம்ப்ரஸருக்கு முன்பெல்லாம் எண்ணெய்தான் உயிர். எண்ணெய் என்றால் நான். புது இயந்திரத்தில் எண்ணெயே கிடையாது. அதன் தண்டு எதன்மேலும் உட்காருவதில்லை. சுற்றிலும் காந்தங்கள் பிடித்துக்கொள்ள, அந்தரத்தில் சுற்றுகிறது. தொடாததால் தேய்வதும் இல்லை. காந்தத்துக்கு மின்சாரம் நின்றால் தண்டு விழும். விழுந்தால் தாங்க அடியில் உலோக வளையங்கள் உண்டு. நாங்கள் அதை மெத்தை என்போம்.

மெத்தையைச் சோதிக்கத்தான் ரேட்டோ வந்தார். ஓடும்போதே காந்தத்தை அணைத்து, தண்டை விழவிட்டுப் பார்ப்பது. தாங்கிவிட்டால் இயந்திரத்தை நம்பலாம். நம்பினால் பக்கத்தில் ஆள் எதற்கு? தலைநகர் புவனோஸ் அய்ரஸில் உட்கார்ந்தபடி திரையில் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் இதை மறைக்கவில்லை.

"இனிமே இந்தக் காத்துல, குளிர்ல நீங்க கஷ்டப்பட வேண்டாம், டான் அன்செல்மோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை.

நான் யோசித்தது இவ்வளவுதான். கடித்த நாயைத் தனியாக விடமாட்டார்கள், பக்கத்தில் ஆள் வைப்பார்கள். இயந்திரமும் ஒருமுறை கடித்துவிட்டால் போதும்.

சோதனை அன்று, தண்டின் ஆட்டத்தை அளக்கும் கருவி ஒன்று தப்பாகக் காட்டியது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரேட்டோ உள்ளே போய், ஓடும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். செய்யக்கூடாத காரியம். ஆனால் ஊருக்குப் போகும் அவசரம் அவருக்கு. விழுந்த தண்டு அடங்கும்வரை துள்ளும். மூடி இருந்தால் துள்ளிவிட்டுப் போகட்டும். திறந்திருந்தால், தண்டை மோட்டாரோடு சேர்க்கும் வட்டு உடைந்து எதிரே இருக்கிறவர்மேல் தெறிக்கும். இதை எங்களுக்குப் படம் போட்டு விளக்கியவரே அவர்தான்.

நான் காந்தத்தை அணைக்கும் சுவிட்சுப் பக்கம் நின்றிருந்தேன். என் கையிலிருந்த ரேடியோவில் அவர் நன்றி என்றார். நான் இழுத்தேன்.

போலீஸ் அதைப் பழக்கதோஷம் என்று எழுதிக்கொண்டது. "எங்க ஊர்ல நன்றின்னா முடிஞ்சுது, கிளம்பிட்டேன்னு அர்த்தம், சார். கிழவன் அப்படித்தான் எடுத்துக்கிட்டான்" என்று ஒஸ்வால்டோ அழுதுகொண்டே சாட்சி சொன்னான். தான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான் என்று இன்னும் புலம்புகிறான். நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மெத்தை தாங்கிவிட்டது. செத்துப்போன இன்ஜினியரின் இயந்திரம் தேறிவிட்டது. இப்போது எங்கள் எரிவாயுக் கம்பெனி உத்தரவு போட்டிருக்கிறது: ஆள் செத்த இடம், இனி அந்தக் கட்டடத்தில் மனிதக் காலே படக்கூடாது, எல்லாம் தூரத்திலிருந்துதான்.

அதனால்தான், நீதிபதி ஐயா, உங்களுக்கு இதை எழுதுகிறேன். உத்தரவு ஒரு தவறை நம்பிப் போட்டது. இயந்திரத்தின் பக்கத்தில் ஆள் இருப்பதில் ஆபத்து எதுவும் இல்லை, ஐயா. ஆபத்து நான் ஒருவன்தான். என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டு, ஒஸ்வால்டோவையும் மற்றவர்களையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். எல்லாம் அவர்களுக்காகத்தானே செய்தேன்.

அவர் நன்றி சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். எதற்குச் சொன்னார் என்று யாருமே கேட்கவில்லை. அதற்கு முன்னால், பக்கத்தில் இருந்தவர்கள் காதில் விழாதபடி ரேடியோவை வாயோடு ஒட்டி நான்தான் பேசினேன்: "அவசரமே இல்ல, தம்பி. நீங்க வெளிய வந்து கை காட்டுற வரைக்கும் நான் சுவிட்சைத் தொடமாட்டேன்."