ஏழில் ஒரு பங்கு

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகக் குதிரைக்குத் தீனி வைத்த எனக்கே அது தெரியாது. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தனபால் அண்ணன்தான் சொன்னார். நாய் தனக்கு ஒத்துக்கொள்ளாததைக் கக்கிவிடும், குதிரைக்கு மட்டும் உள்ளே போனது போனதுதான், தப்பான பொருள் போனால் வயிறு உப்பிப் படுத்துவிடும் என்றார். மேடம், நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அதுதான்.

எங்கள் தோட்டம் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருக்கிறது. குதிரையை என் மாமனார் கல்யாண ஊர்வலங்களுக்கென்று வாங்கினார். பேண்டு செட்டுக்குக் கால் மாற்றி மாற்றி ஆடும் குதிரை. தார்ச்சாலையில் பன்னிரண்டு வருடம் ஆடியதில் முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. மாமனார் போன பிறகு அதை யாரும் வெளியே கூட்டிப்போகவில்லை. கொட்டகையில் நின்றது.

என் வீட்டுக்காரர் தமிழரசு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருப்பார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். சித்திரையில் வந்திருந்தபோது குதிரை நடப்பதைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, என்ன இது மூணு காலுல நடக்குது? ஆடிக்குள்ள நேரா நடந்தா இருக்கட்டும். இல்லீனா அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு ஏத்தி உட்ரலாம்."

"நொண்டிக் குதிரைய யாருங்க வாங்குவாங்க?"

"வாங்கறதுக்கு ஆளா இல்ல."

எதற்கு வாங்குவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அத்தை சென்னியம்மாள் என்னை அம்மிணி என்றும் சாமி என்றும்தான் கூப்பிடுவார். கீரை விற்க வருகிறவளும் அவருக்குச் சாமிதான். மகனும் சாமி. குதிரைக்கு மாமனார் ஏதோ ராசா என்று முடிகிற பெயர் வைத்திருந்தார், அத்தை அதையும் சாமி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. பெரியவர்களையும் எங்கள் பக்கம் சாமி என்றுதான் சொல்வோம். நான் கதவைத் திறந்துகொண்டு வரும்போது "வா சாமி" என்று அத்தை சொன்னால் தலையை நிமிர்த்தாமலே சொல்வார். குதிரை நிமிர்ந்து பார்க்கும். காது இரண்டையும் என் பக்கம் திருப்பும். அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. வேறு எதுவும் திரும்பாத இடத்தில் அது கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

மூட்டுக்கு எதைக் கொடுப்பது என்று பல நாள் படித்தேன். போனில் எல்லாம் இருக்கிறது. முடக்கத்தான், பிரண்டை, குந்திரிக்கம், அமுக்கரா. தேய்ந்த மூட்டுக்குக் குளுக்கோசமைன். ஒரு குதிரைக்குக் கேட்டது இன்னொன்றுக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அளவிலும் ஆளுக்கொரு கணக்கு. தனபால் அண்ணனிடம் கேட்டேன்.

"குடுத்துப் பாத்தாத்தான் தெரியும் அம்மிணி. குதிரை என்ன, இங்க வலிக்குது அங்க எரியுதுன்னு வாயத் தொறந்து சொல்லவா போவுது?"

அப்படியானால் வாயைத் திறந்து சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அன்று சாயங்காலம் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினார். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. அத்தைக்கு அது ஒன்பது வருட வலி. நான் அதை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

மனிதர்களுக்கான மருந்தை முதலில் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். நான் அதைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தனபால் அண்ணன் சொல்லித்தந்தபடி தையல் டேப்பால் குதிரையின் மார்பையும் நீளத்தையும் அளந்து கணக்குப் போட்டேன். முந்நூற்று இருபத்திரண்டு கிலோ வந்தது. அத்தையை ரேஷன் கடைத் தராசில் ஏற்றினேன். நாற்பத்தாறு. ஏழில் ஒரு பங்கு. மீதியில்லாமல் வகுபட்டது ஒரு நல்ல சகுனம் மாதிரி இருந்தது.

வைகாசியில் முடக்கத்தானும் பிரண்டையும் பொடியாக ஆட்டையாம்பட்டியிலிருந்து வாங்கி வந்து அத்தையின் கம்மங்கூழில் கலந்தேன். முகம் சுளிக்கிறாரா, வயிறு கடுக்கிறதா, காலையில் எழுந்ததும் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார், எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்று நாள் ஒன்றும் ஆகாவிட்டால் நான்காம் நாள் குதிரைக்கு. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் குறித்து வைத்தேன். அந்தத் தாள்கள்தான் இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன. சாமிக்குக் கொடுத்தேன், சாமி சாப்பிட்டது, சாமிக்குத் தேவலை என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கும். நான் பேசுகிறபடியே எழுதினேன்.

இரண்டாம் நாளே அத்தை கண்டுபிடித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, கூழுல என்னத்தப் போட்டே? நாக்குல ஒட்டுது."

"மருந்துங்க அத்தை. முட்டிக்கு."

"எனக்கா? எனக்குன்னே வாங்கியாந்தியா?"

"ஆமாங்க."

அத்தை "பெத்த மவனுக்கு என்ற முட்டி எங்க இருக்குதுன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு விரலால் வழித்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு நான் எதையும் மறைத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எரிகிறதா, புளித்த ஏப்பம் வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் அத்தை யோசித்துப் பொறுமையாகப் பதில் சொல்வார். குளுக்கோசமைன் வந்தபோது ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அது இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. அத்தை மீன் வகை எதையும் தொடமாட்டார். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

மருந்து கேட்கவும் செய்தது. பக்கத்துத் தோட்டத்துச் சின்னாயி அக்கா மோர் வாங்க வந்தபோது அத்தை வாசல் வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்துபோய்க் கொடுத்தார்.

"ஏனுங்க்கா, போன மாசம் செவுத்தப் புடிச்சுட்டு வந்தீங்க. உங்க மருமவ என்னத்தப் போட்டாளோ, இப்ப குதிரையாட்ட வாறீங்க?"

"பொறாமப்படாத போ. உன்ற மருமவகிட்டக் கேட்டா வெந்நிகூடக் கெடைக்காது."

மூன்று பேரும் சிரித்தோம்.

ஆனி பிறப்பதற்கு முன்னால் போனில் ஆர்டர் போட்டிருந்த கறுப்பு டப்பா கூரியரில் வந்தது. வெளிநாட்டுக் கிழங்கு ஒன்றும் வலியை அடக்கும் மருந்தும் கலந்த பவுடர். குதிரைகளுக்கு மட்டும் என்று மேலே போட்டிருந்தது. பக்கவாட்டில் சின்ன எழுத்தில், வயிற்றில் புண் உண்டாக்கலாம், தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்று இருந்தது. எத்தனை நாளைக்கு மேல் தொடரக் கூடாது என்று இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். ஆடிக்கு ஒரு மாதம் இருந்தது.

ஏழில் ஒரு பங்கில் ஆரம்பித்தேன். முதல் வாரம் அத்தை தோட்டத்தைச் சுற்றி வந்தார். இரண்டாவது வாரம் நெஞ்சு எரிகிறது என்றார். அளவைக் கூட்டினால் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கக் கொஞ்சம் கூட்டினேன். வாந்தி வந்தது. குதிரையாக இருந்தால் அது வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வயிற்றுப்போக்கு. கறுப்பாக, தார் மாதிரி.

அன்று மாலை என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"அங்க அல்லாரும் எப்பிடி?"

"சாமிக்குத்தாங்க வயிறு சரியில்ல. கறுப்பாப் போவுது. ஒண்ணும் திங்க மாட்டீங்குது."

"ஐயோ. தனபால் அண்ணங்கிட்டக் கேட்டியா?"

"கேக்கறனுங்க."

கேட்டேன். அதே வார்த்தைகளைத்தான் தனபால் அண்ணனிடமும் சொன்னேன். எந்த மருந்து என்று கேட்டார், டப்பாவில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"ஒடனே நிறுத்துங்க அம்மிணி. உள்ள புண்ணாகி ரத்தம் போவுது. இனியொரு வேளை குடுத்தாலும் சாமி தாங்காது."

"சரிங்கண்ணா."

நான் பொய் சொல்லவில்லை. எந்தச் சாமி என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலையும் கூழ் கலக்கினேன்.

ஏன் என்று நீங்கள் நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். அப்போது என் மனதில் எதுவும் பெரிதாக ஓடவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன், கூழைக் கரைத்தேன், டப்பாவைத் திறந்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது. கோபம் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. பயமும் இல்லை. அத்தையின் மேல் எனக்குப் பிரியம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு மாதத்தில் அவரை நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எத்தனை மடக்கு தண்ணீர் குடித்தார் என்பதுவரை எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அத்தையே கேட்டார்.

"அம்மிணி, திருச்செங்கோட்டு ஆசுபத்திரிக்கு ஒருக்கா போய்ட்டு வந்தரலாமா?"

"நாளைக்குப் போலாங்க அத்தை."

"சரி சாமி. உனக்கு எப்பத் தோதுப்படுதோ. அந்தக் கூழ மட்டும் கொண்டா. அது உள்ள போனாத்தான் வவுறு கொஞ்சம் ஆறுது."

நாளைக்கு என்று நான்கு நாள் சொன்னேன். ஐந்தாம் நாள் காலையில் கூழை எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலில் பேச்சில்லாமல் கிடந்தார். கை சில்லென்று இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சின்னாயி அக்காவைக் கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் வண்டியைப் பிடித்து மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். அதுவரை அத்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தோம். வயதானவர், வயிற்றுப்போக்கு கண்டது, போய்விட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தனபால் அண்ணன் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் வந்து மெதுவாக, "இந்த நேரத்துல கேக்கறனேன்னு நெனைக்காதீங்க. சாமிக்கு வயிறு தேவலைங்களா?" என்றார். கேட்டுக்கொண்டே கொட்டகைப் பக்கம் திரும்பினார். குதிரை சோளத்தட்டை மென்றுகொண்டு நான்கு காலில் நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தெருப்பக்கம் போய்ப் போலீசுக்குப் போன் செய்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

குதிரை எப்படி நேராக நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வைகாசிக் கடைசியில் லாடம் அடிக்கிறவர் ஒருவர் வந்தார். முன்னங்குளம்பு இரண்டும் கோணலாக வளர்ந்திருக்கிறது, அதனால்தான் முட்டியில் பாரம் ஏறுகிறது என்று சொல்லிச் செதுக்கிவிட்டார். கொட்டகையில் ஆற்று மணல் போடச் சொன்னார். பத்து நாளில் நடை நேராகிவிட்டது. அதை வீடியோ எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். "அட, பரவால்லியே. அப்ப இருந்துட்டுப் போவட்டும் புள்ள, சந்தைக்கு வேண்டாம்" என்று பதில் அனுப்பியிருந்தார். என் போன் உங்களிடம்தான் இருக்கிறது, தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனி ஐந்து. அத்தைக்கு அதுவரை நெஞ்செரிச்சல்கூட வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் பதினேழு நாள் கொடுத்திருக்கிறேன்.

டப்பா காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாதியாவது குதிரைக்குப் போயிருக்கும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள் மேடம். குதிரைக்கு அதிலிருந்து ஒரு சிட்டிகைகூடக் கொடுக்கவில்லை. அத்தைக்கே ஒத்துக்கொள்ளாததை அதற்கு எப்படிக் கொடுப்பேன்.