கூட்டின் வாடை

உங்கள் கையில் சோப்பு வாடை தூக்கலாக இருக்கிறது, இப்படிப் போய்த் தொட்டால் எந்தக் குட்டியும் மிரளும். வார்டு வாசலில் நீங்கள் என்னை உட்காரச் சொன்னபோது மனதில் ஓடியது இதுதான், டாக்டர். பழக்கதோஷம். எங்கள் ஆய்வகத்தில் எலிக்குட்டியைத் தூக்கும் முன் அதன் கூட்டு மரத்தூளைக் கையுறையில் தேய்த்துக்கொள்வோம். அந்நிய வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடக்கூடும்.

என் வேலையே தாயையும் குட்டியையும் பிரித்து வைப்பதுதான். மூளையில் வளர்ச்சிக் காரணி என்று ஒரு புரதம் உண்டு. நரம்புகளுக்கு அது உரம் மாதிரி. தாய் நக்கி நக்கி வளர்த்த குட்டிக்கு அது தாராளமாக ஊறும். பிரித்து வைத்த குட்டிக்குக் குறையும். அப்புறம் கூண்டுக் கதவு லேசாகக் கிறீச்சிட்டாலே அது மூலையில் போய் ஒடுங்கும். வந்த பயம் லேசில் இறங்காது.

இதை ஒரு கூட்டத்தில் விளக்கினேன். துறைத் தலைவர் சிரித்தார். "எலிக்குச் சரிம்மா. மனுஷக் குழந்தைக்கும் இப்படித்தான்னு நீ எப்படிச் சொல்லுவே?" எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்போது வாயும் வயிறுமாக இருந்தேன்.

இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள்.

மூத்தவள் என் மடியில் வளர்ந்தாள். இளையவளுக்கும் பால், மருந்து, சட்டை எதிலும் குறை வைக்கவில்லை. தூக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து அறையில் தொட்டில், கதவைச் சாத்திவிடுவேன். கப்பலில் வேலை செய்த என் கணவர் விடுமுறையில் வந்தால் கேட்பார்: "அவளையும் கொஞ்சம் தூக்கேண்டி. வீட்டுக்கு வரும்போதாவது எலிகளை அங்கேயே விட்டுட்டு வரக்கூடாதா?"

"அழுது பழகட்டும். கெட்டிப்படுவா."

நம்பிவிட்டார். இருக்கும் நாளெல்லாம் அவள் அவர் தோளிலேயே கிடப்பாள். அவர் போனதும் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்குத்தான் சிரமம்.

பள்ளிக்கூட மணிக்கு நடுங்கினாள். தட்டு விழுந்தால் மேசைக்கடியில் புகுந்தாள். எல்லாம் நான் சொன்னபடியே வந்தது. யாரிடமும் காட்ட முடியவில்லை. தலைவர் ஓய்வு பெற்றார், செத்தும் போனார். சிரித்த வாயோடு.

இப்போது அவள் உள்ளே கிடக்கிறாள். அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாரோ அலமாரிக் கதவை அடித்துச் சாத்தினார்களாம். அன்றிலிருந்து தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. மூத்தவள் கெஞ்சிவிட்டுப் போனாள்: "ஒரே ஒரு தடவை அவளை மடியில போட்டுக்கோம்மா. உன்னைத்தான் கேக்கறா." நீங்களும் அதையே சொல்கிறீர்கள். இந்த வயதிலும் அந்தக் காரணி மறுபடி ஊறலாம், தொட்டுப் பேச ஆள் இருந்தால் தேறிவிடலாம் என்று. தெரியும், டாக்டர். நானும் படித்ததுதான். அதனால்தான் யோசிக்கிறேன். அவள் தேறிவிட்டால், இத்தனை வருஷம் நான் காத்து வைத்தது வீண்.

பாசம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். மூத்தவள் முதலில் என்ன பேசினாள், எங்கே எழுந்து நடந்தாள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. இளையவள் மிரண்ட ஒவ்வொரு தடவையும் நினைவிருக்கிறது. பாசம் இல்லாமல் ஒருத்தியை இவ்வளவு உற்றுப் பார்க்க முடியுமா?

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மன்னியுங்கள், நான் வரவில்லை. இந்த ஜன்னல் கண்ணாடி வழியாகவே நன்றாகத் தெரிகிறாள்.