அளவு ப்ளவுஸ்

ப்ரியா: இன்னும் கொஞ்சம் மூச்சை இழுத்துக்கோ.

ஜெயலக்ஷ்மி: இழுத்தாச்சுடீ. இதுக்கு மேலே இழுத்தா வெளியே வராது.

ப்ரியா: மேலே ரெண்டு கொக்கி மாட்டிட்டேன். மூணாவதுதான்… அம்மா, சிரிக்காதே. சிரிச்சா ரெண்டாவதும் கழண்டுடும்.

ஜெயலக்ஷ்மி: இடுப்பிலே விரலை விட்டுண்டு சிரிக்காதேங்கறயே. நான் என்ன பொம்மையா?

ப்ரியா: போச்சு. கழண்டுடுத்து.

ஜெயலக்ஷ்மி: காலமே ரெண்டு இட்டிலியோட நிறுத்தியிருக்கணும்…

ப்ரியா: இட்டிலி இல்லைம்மா. ஒண்ணரை இஞ்ச் இடிக்கறது. எந்த இட்டிலியும் ஒண்ணரை இஞ்ச் போடாது. மணி என்ன?

ஜெயலக்ஷ்மி: ஒம்பது பத்து. பத்தரைக்கு மஹேஷோட ஆட்டோ வரும். பதினொண்ணுக்கு அங்கே இருக்கணும்.

ப்ரியா: பேசாம அந்தப் பச்சை ப்ளவுஸைப் போட்டுக்கோயேன். உன் ஆபீஸ்காராளோட ரெஜிஸ்டர் கல்யாணம், ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வரப் போறே. உன் ப்ளவுஸை யார் பாக்கப் போறா?

ஜெயலக்ஷ்மி: இல்லைடீ. இதுதான். இன்னிக்குப் பழசு எதுவும் வேண்டாம்.

ப்ரியா: அப்படிச் சொல்லு. எனக்கும் அதான் வேணும். தையல் கத்துக்க ஆரம்பிச்சு ஆறு மாசமா என் சுடிதாரையே பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுண்டிருந்தேன். மாடியாத்து ஜெஸிக்கு நைட்டி, நம்மாத்துக்கு மிக்ஸி உறை, தலகாணி உறை… நீயா துணி வாங்கிண்டு வந்து என் மிஷின்மேலே வச்சது இதுதான் முதல் தடவை. அன்னிக்கு எனக்குச் சாதமே இறங்கலை, தெரியுமா? அம்மாவுக்கு என் கைமேலே நம்பிக்கை வந்துடுத்துன்னு.

ஜெயலக்ஷ்மி: …நம்பிக்கை இல்லாமயா.

ப்ரியா: பின்னே ஏன் அந்தப் பக்கம் பாத்துச் சொல்றே?

ஜெயலக்ஷ்மி: கொக்கியைக் கழட்டுடீ முதல்லே. குத்தறது.

ப்ரியா: கழட்டறேன். எங்கே தப்பாச்சுன்னுதான் புரியலை. அளவு ப்ளவுஸை விரிச்சு வச்சு, மாக்கட்டியாலே அதே அளவு வரைஞ்சு, அப்படியே வெட்டினேன். ஒரு மயிரிழை மாறலை. நேரா உன் இடுப்பிலே டேப்பைச் சுத்தறேன்னேன், நீதான் விடலை.

ஜெயலக்ஷ்மி: அளவு ப்ளவுஸ் எதுக்கு இருக்கு பின்னே? அதைக் குடுத்துத்தானே இத்தனை வருஷமாத் தைச்சுக்கறேன். டெய்லர் வன்னியராஜ் ஒரு நாள் என்மேலே டேப் வச்சதில்லை.

ப்ரியா: அது எப்போ தைச்சது?

ஜெயலக்ஷ்மி: அது… உங்கப்பா இருக்கச்சே. நீ எட்டாங் கிளாஸ் படிக்கச்சே ஒரு தீபாவளிக்கு.

ப்ரியா: பன்னெண்டு வருஷம். ஒரு நிமிஷம் இரு, வரேன்.

ஜெயலக்ஷ்மி: இப்படியே நிக்க வச்சுட்டு எங்கேடீ போறே? ப்ரியா… ப்ரியா…

ப்ரியா: வந்துட்டேன். கண்டுபிடிச்சாச்சு. வன்னியராஜ் அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

ஜெயலக்ஷ்மி: அய்யே. அவனுக்கு எதுக்குப் பண்ணினே?

ப்ரியா: கேளேன். அவர் ஒரே சிரிப்பு. "மாமி அளவு ப்ளவுஸை நம்பியாம்மா வெட்டுனீங்க? நான் அதை வாங்கி ஆணியில மாட்டுறதோட சரி. மாமி கடைப்படி ஏறும்போதே கண்ணால அளந்துருவேன்"ன்னார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கால் இஞ்ச் கால் இஞ்சா விட்டுண்டே வந்திருக்கார், சத்தமே போடாம. கணக்குப் பாரு, சரியா ஒண்ணரை இஞ்ச். "மாமிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, வருத்தப்படுவாங்க"ன்னார்.

ஜெயலக்ஷ்மி: படுபாவி. போன மாசம்கூட, "மாமி அன்னிக்கு மாதிரியே இருக்கீங்க"ன்னானே. நானும் நம்பிண்டு சாலைக் கடைத்தெருவிலேர்ந்து நம்மாத்து வாசல் வரைக்கும் நடந்தே வந்தேன்.

ப்ரியா: பாவம்மா அவர்.

ஜெயலக்ஷ்மி: என்ன விசேஷம்னு கேட்டானா?

ப்ரியா: கேக்காம இருப்பாரா? அம்மா ஒரு ரெஜிஸ்டர் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடப் போறான்னேன்.

ஜெயலக்ஷ்மி: போச்சு. சாயங்காலத்துக்குள்ளே கிழக்கேகோட்டை முழுக்கத் தெரிஞ்சுடும்.

ப்ரியா: தெரிஞ்சா என்ன? உன் கல்யாணமா?

ஜெயலக்ஷ்மி: …பக்கத் தையலைப் பிரிச்சு விடு. பேசிண்டே நிக்காதே. உள்ளே துணி விட்டிருப்பயோல்லியோ?

ப்ரியா: விட்டேன்.

ஜெயலக்ஷ்மி: அப்பாடி.

ப்ரியா: விட்டுட்டு… அப்பறம் கத்தரிச்சுட்டேன்.

ஜெயலக்ஷ்மி: என்னது?

ப்ரியா: நான் பாக்கற வீடியோலே ஒரு போலந்துக்காரி இருக்காளே, அவ தையலுக்கு வெளியே அரை இஞ்ச் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டிடுவா. உடுப்பைத் திருப்பிக் காட்டினா உள்பக்கம் புதுப் புஸ்தகத்தோட விளிம்பு மாதிரி இருக்கும். எனக்கும் அப்படி வேணும்னு ஆசை. திருப்பிப் பாரேன், எவ்வளவு அழகா இருக்கு.

ஜெயலக்ஷ்மி: அவளுக்கு அவ உடம்புமேலே அவ்வளவு நிச்சயம். நமக்கு அப்படியா? ப்ளவுஸ்னா உள்ளே மூணு தையல் வரிசையா இருக்கணும். ஒவ்வொண்ணாப் பிரிச்சுண்டே ஆயுசு முழுக்கப் போடறது. மிச்சத் துணியாவது இருக்கா?

ப்ரியா: மிச்சத்திலேதான் கழுத்தைச் சுத்திப் பைப்பிங் வச்சேன். பின்னாடி ரெண்டு குஞ்சலம். அதுக்கும் மிச்சத்திலே கைக்குச் சுருக்கு.

ஜெயலக்ஷ்மி: யார்டீ சுருக்கு கேட்டா?

ப்ரியா: ஒருத்தரும் கேக்கலை. உனக்கு நன்னா இருக்கும்னு தோணித்து. கண்ணாடியிலே கையை மட்டும் பாரு… நன்னா இருக்கோல்லியோ? சிரிக்கறயே, அப்போ பிடிச்சிருக்கு. சரி, வழி இருக்கு. ரெண்டு பக்கமும் பிரிச்சு, இடுப்பிலேர்ந்து அக்குள் வழியா கை நுனி வரைக்கும் ஒரே நீளமாப் பட்டி வச்சுத் தைச்சுடறேன். கையைக் கீழே போட்டா ஈ காக்காய்க்குத் தெரியாது. இதே சந்தன வெள்ளையிலே துணி கிடைச்சாப் போறும்.

ஜெயலக்ஷ்மி: துண்டுப் பையைக் கவுத்துப் பாரு.

ப்ரியா: கவுத்துட்டேன். சிவப்பு, நீலம், ஜெஸியோட பூப்போட்டது… இது வெளுப்பு, நீலம் முக்கின வெளுப்பு, சேராது. ரெண்டு நாளா என் ஆதார் கார்டைத் தேடறேன், அதுவாவது இதுக்குள்ளே கிடக்குமான்னு பாத்தேன், அதுவும் இல்லை.

ஜெயலக்ஷ்மி: அதெல்லாம் எங்கேயும் போகாது. துணியைத் தேடு.

ப்ரியா: அம்மா…

ஜெயலக்ஷ்மி: என்ன?

ப்ரியா: சேர்ற துணி ஒண்ணு இருக்கு. பலராமபுரம் கைத்தறி. கலர் அச்சு அசலா இதே. ஆனா நீ திட்டக் கூடாது.

ஜெயலக்ஷ்மி: எங்கே இருக்கு?

ப்ரியா: என் கட்டிலுக்கு அடியிலே. அட்டைப் பெட்டிக்குள்ளே.

ஜெயலக்ஷ்மி: யாரோட துணி?

ப்ரியா: திட்ட மாட்டேன்னு சொல்லு.

ஜெயலக்ஷ்மி: ப்ரியா, மணி ஒம்பதரை.

ப்ரியா: நல்ல துணியை எடுத்த எடுப்பிலே வெட்டப் பயமா இருந்ததும்மா. அந்த வீடியோக்காரா எல்லாரும் முதல்லே ஒரு பழைய துணியிலே அதே அளவுக்கு வெட்டி, தைச்சுப் பாத்துட்டுத்தான் நல்லதைத் தொடுவா. அதே மாதிரி கனம் இருக்கற துணியா தேடினேன். உன் அலமாரி கீழ்த்தட்டிலே… அப்பாவோட கசவுக் கரை வேஷ்டி இருந்தது. அதைத்தான் வெட்டினேன். ஆறு துண்டாக்கும் இப்போ. அந்த இடத்திலே ஒரு தலகாணி உறையை மடிச்சு வச்சிருக்கேன்… அம்மா? ஏன் உக்காந்துட்டே?

ஜெயலக்ஷ்மி: ஆறு துண்டா…

ப்ரியா: நீ திட்டினாக்கூடத் தேவலை. அவரோட மத்த வேஷ்டியெல்லாம் குடுத்துட்டியே, இது ஒண்ணைத்தான் நீ வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வெட்டினேன். கத்திரியை ரெண்டு தடவை வச்சு வச்சு எடுத்தேன். ஆனா வெட்ட ஆரம்பிச்சதும்… என்ன சொல்றது, அவர் அந்தப் பக்கத்து நுனியைப் பிடிச்சுண்டு நிக்கற மாதிரி அவ்வளவு நேராப் போச்சு துணி. எனக்கு சந்தோஷமா இருந்தது. அதான் தப்பு.

ஜெயலக்ஷ்மி: அப்போ… தைக்கறதுக்கா எடுத்தே?

ப்ரியா: பின்னே எதுக்கு?

ஜெயலக்ஷ்மி: பத்து நாளாச்சுடீ நான் அந்தத் தலகாணி உறையைப் பாத்து.

ப்ரியா: பாத்தயா? பாத்துட்டா சும்மா இருந்தே?

ஜெயலக்ஷ்மி: ஒரு விஷயத்துக்கு நாள் நிச்சயமாச்சு. முதல்லே அந்த வேஷ்டிகிட்டே சொல்லணும்னு அலமாரியைத் திறந்தேன். பைத்தியம்னு நினைச்சுக்கோ. திறந்தா உறை இருக்கு, வேஷ்டி இல்லை. உனக்கு எல்லாம் தெரிஞ்சு போய், கோவத்திலே நீ எடுத்து ஒளிச்சு வச்சுண்டுட்டேன்னு நினைச்சேன். அன்னிலேர்ந்து உன் மூஞ்சியைப் பாக்கவே பயமா இருந்தது.

ப்ரியா: எனக்கு எதுக்குக் கோவம்? என்ன விஷயத்துக்கு நாள்?

ஜெயலக்ஷ்மி: அந்தப் பெட்டியை எடுத்துண்டு வா.

ப்ரியா: இரும்மா, என்ன விஷயம்னு…

ஜெயலக்ஷ்மி: முதல்லே தை. போட்டுப் பாத்து கொக்கி மாட்டினா சொல்றேன். மாட்டலைன்னா இன்னிக்கு எங்கேயும் போகலை, சொல்ல வேண்டியதும் இல்லை.

ப்ரியா: அப்போ அப்பா வேஷ்டியை வைக்கலாமா? பழசு எதுவும் வேண்டாம்னயே.

ஜெயலக்ஷ்மி: அது பழசு இல்லை. வை. கைக்கு அடியிலே, எனக்கு மட்டும் தெரியற இடத்திலே இருக்கட்டும்.

ப்ரியா: சரி. நீ அந்தப் பக்கம் தையல் பிரி, நான் பட்டி வெட்டறேன். இழுக்காதே, ஒவ்வொரு கண்ணா அறுத்துண்டே வா. பாபின்லே நூல் இருக்கா பாரு. இருக்கா? நல்லது. ரெண்டு இஞ்ச் அகலத்துக்கு வெட்டறேன், இந்தத் தடவை ஓரத்திலே கத்திரியே வைக்க மாட்டேன். எனக்கு என்ன ஜோரா இருக்கு தெரியுமா அம்மா? பரீட்சை ஹாலிலே கடைசி அஞ்சு நிமிஷம் மாதிரி. சரி, அந்தக் கல்யாணத்தைப் பத்திச் சொல்லு, கேட்டுண்டே தைக்கறேன். பிள்ளை யாரு, உன் பக்கத்து சீட் சேஷன் சார்தானே? மதியம் டப்பாவிலே ரெண்டு பேருக்குக் கொண்டு வருவாரே, அவர்?

ஜெயலக்ஷ்மி: அவர்தான்.

ப்ரியா: அவர் பண்ற கீரை மொளகூட்டல் நன்னா இருக்கும்னு சொல்லுவயே. அறுபது வயசிலே அவருக்குக் கல்யாணமா?

ஜெயலக்ஷ்மி: அம்பத்தேழு.

ப்ரியா: சரி, அம்பத்தேழு. பொண்ணு யாரு? யாரோ பாவம், மொளகூட்டலிலே விழுந்திருப்பா.

ஜெயலக்ஷ்மி: …நூல் சிக்கிக்கப் போறது, மிஷினைப் பாத்து ஓட்டு.

ப்ரியா: சிக்காது. ஒரு பக்கம் முடிஞ்சுது. தா அதை. அவளைப் பாத்திருக்கயா? எப்படி இருப்பா?

ஜெயலக்ஷ்மி: சாதாரணமா இருப்பா. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி.

ப்ரியா: ரெண்டு பக்கமும் ஆச்சு. மணி?

ஜெயலக்ஷ்மி: பத்து பன்னெண்டு.

ப்ரியா: கையை நுழை. மெள்ள. அங்கே ஊசி குத்தியிருக்கேன், எடுத்துட்டேன், எடுத்துட்டேன்… திரும்பு. மூச்சு இழுக்காதே. இழுக்கவே இழுக்காதே, சாதாரணமா நில்லு. ஒண்ணு… ரெண்டு… மூணு. நாலு. அம்மா, அஞ்சு. கண்ணாடி பாரு. கையைத் தூக்கு, தெரியறது. போடு, தெரியலை. அம்மா, நீ… ஒரு மாதிரி இருக்கே. கல்யாணப் பொண்ணைவிட நீதான் நன்னா இருப்பே போலிருக்கு.

ஜெயலக்ஷ்மி: வன்னியராஜ்கிட்டே ஏன் குடுக்கலை தெரியுமா, இந்தத் துணியை? அவன் ஊருக்கெல்லாம் சொல்லிடுவான்னுதான் முதல்லே. அப்பறம் அது மட்டும் இல்லைன்னு ஆயிடுத்து. உன் கையாலே தைச்சதைத்தான் போட்டுக்கணும்னு தோணித்து.

ப்ரியா: சொல்லிடுவான்னா… எதை?

ஜெயலக்ஷ்மி: ரெஜிஸ்டர் ஆபீஸ் பலகையிலே முப்பது நாள் பேர் எழுதி ஒட்டியிருந்தது. இந்தத் தெருவிலே ஒருத்தரும் படிக்கலை. சேஷன், பக்கத்திலே ஜெயலக்ஷ்மின்னு.

ப்ரியா: மொளகூட்டலிலே விழுந்தது… நீயா?

ஜெயலக்ஷ்மி: மஹேஷ் வந்துட்டான் போலிருக்கு, ஹாரன் கேக்கறது. நீ வேஷ்டியை எடுத்த மாதிரி நானும் ஒண்ணைக் கேக்காம எடுத்துட்டேன், ப்ரியா. உன் ஆதார் கார்டு என் கைப்பையிலேதான் இருக்கு. சாட்சிக்கு மூணு பேர் வேணுமாம். அவருக்குத் தெரிஞ்சவா ரெண்டு பேர் வரா. என் பக்கம் ஒருத்தரும் இல்லை… அந்த மூணாவது கையெழுத்தை நீ வந்து போடறயா?